சீனப் பெருநகரங்கள் வளர்ச்சியையும் பழமையையும் எப்படிச் சேர்த்துக் கொண்டுபோகின்றன?

சீனா முழுவதையும் பற்றிச் சொல்ல நான் ஆளில்லை. படிப்புக்காகச் சில ஆண்டுகள் இருந்த ஊர் சியான் (விக்ரம் நினைவுக்கு வந்தால் நான் பொறுப்பல்ல). அதை வைத்துச் சொல்கிறேன். காஞ்சிபுரம் வரை வந்த யுவான் சுவாங் திரும்பிப் போய்ச் சேர்ந்த சாங்கான் இந்த ஊர்தான். அவர் கொண்டுபோன சுவடிகளுக்காக 652இல் எழுந்த காட்டுவாத்துப் பகோடா இன்னும் நிற்கிறது. 2020 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை ஏறத்தாழ 1.3 கோடி.

ஊரின் நடுவில் 14ஆம் நூற்றாண்டு மதில், சுற்றளவு கிட்டத்தட்ட 14 கிலோமீட்டர். மேலே வாடகைக்குச் சைக்கிள் கிடைக்கும். செங்கல் தளத்தில் குலுங்கிக் குலுங்கி ஒரு சுற்று வந்தேன். மறுநாள் நாற்காலியில் உட்கார முடியவில்லை. ஆனால் மேலிருந்து பார்த்தால்தான் விஷயம் புரியும். உள்பக்கம் கூரைகள் தாழ்வாக இருக்கும், வெளியே தூரத்தில் அடுக்குமாடிகள் முளைத்திருக்கும். மதிலுக்குள் புதிதாக எதைக் கட்டினாலும் 36 மீட்டரைத் தாண்டக்கூடாது, மதிலை ஒட்டி என்றால் 9 மீட்டர்தான் என்று விதி. சாம்சங்கின் சிப் தொழிற்சாலை முதற்கொண்டு பெரிய முதலீடெல்லாம் மதிலுக்கு வெளியே போனது. இத்தனைக்கும் 1950களில் இந்த மதிலையே இடித்துவிடலாம் என்ற பேச்சு இருந்தது. தப்பிப் பிழைத்து 1961இல் தேசியப் பாதுகாப்புப் பட்டியலில் ஏறியது.

என்னை அசத்தியது மண்ணுக்கு மேலே இருப்பது அல்ல, கீழே இருப்பதுதான். பல அரச வம்சங்கள் ஆண்ட இடம். எங்கே தோண்டினாலும் கல்லறை. அதனால் கட்டுமானத்துக்கு முன்னால் தொல்லியல்காரர்கள் வருவார்கள். நீளக் கம்பின் நுனியில் பிளந்த குழாய் மாதிரி ஒரு இரும்பு, பெயர் லோயாங் மண்வெட்டி. அதைக் குத்தி எடுத்து, ஒட்டிவரும் மண்ணின் நிறத்தையும் இறுக்கத்தையும் பார்த்தே அடியில் என்ன இருக்கிறது என்று கணிப்பார்கள். கல்லறைத் திருடர்கள் கண்டுபிடித்த கருவி இது என்பதுதான் வேடிக்கை! விமான நிலைய விரிவாக்கத்தில் மட்டும் 3,500க்கும் மேற்பட்ட பழங்காலக் கல்லறைகள் கிடைத்தன. எல்லாவற்றையும் அகழ்ந்து, பதிவு செய்து, அப்புறம்தான் கான்கிரீட். புதிய முனையம் 2025இல் திறந்தது.

2011இல் ஓடத் தொடங்கிய மெட்ரோ 2ஆம் தடத்திலும் இதே கவனம். 1384இல் கட்டிய மணிக்கூண்டு நேர்வழியில் குறுக்கே நிற்கவே, இரண்டு சுரங்கங்களையும் பிரித்து ஆளுக்கொரு பக்கமாக வளைத்துக் கொண்டுபோயிருக்கிறார்கள். ஒவ்வொரு நிலையத்துக்கும் அந்த இடத்தைக் குறிக்கும் சின்னப் படம் ஒன்று உண்டு. சீன எழுத்து தெரியாத முதல் மாதங்களில் அந்தப் படங்களைப் பார்த்துத்தான் இறங்குவேன்.

சரி, எல்லாம் நல்லதுதானா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. ரயில் நிலையத்துக்கு வடக்கே, யுவான் சுவாங் காலத்தில் ஆண்ட தாங் வம்சத்தின் தாமிங் அரண்மனை இருந்த இடத்தில் 2010இல் பெரிய தொல்லியல் பூங்கா திறந்தார்கள். அதற்காகச் சுமார் ஒரு லட்சம் பேரை வேறிடங்களுக்கு மாற்றினார்கள். பலர் ஹெனான் மாகாணத்திலிருந்து பிழைக்க வந்து, தலைமுறைகளாகக் குடியிருந்தவர்கள். இன்று அங்கே போனால் பரந்த புல்வெளி, மண்மேடுகள், காலை நடைக்கு வரும் முதியவர்கள். மண்ணுக்கடியில் இருந்தது பிழைத்தது, மேலே இருந்த தெருக்கள் போய்விட்டன. பகோடாவுக்குத் தெற்கே இரவெல்லாம் விளக்கெரியும் 'தாங் காலத்து' வீதியோ முழுக்கப் புதுசு. பட்டாடை வாடகைக்கு எடுத்துப் படம் பிடித்துக்கொள்ளும் கூட்டம் அள்ளும். பார்க்க அழகு, ஆனால் செட்.

பழைய ஊர் இன்னும் புழங்கும் இடம் என்றால் சீன மொழி பேசும் ஹுய் முஸ்லிம்களின் தெருக்கள். புதுப்பிக்கும் திட்டங்கள் வந்தபோது பலர் வீட்டை விட்டு நகர மறுத்தார்கள். முன்தெருவில் சுற்றுலாக் கடைகள்தான் என்றாலும், பின்சந்துகளில் பள்ளிவாசல், கசாப்புக் கடை, பள்ளிவிட்டு வரும் பிள்ளைகள் என்று எல்லாம் அப்படியே இருக்கும். அங்கே ஆட்டுக்கறிச் சூப்பில் ரொட்டியைப் பிய்த்துப் போட்டுத் தருவார்கள். பிய்ப்பது நம் வேலை. முதல் தடவை அவசரத்தில் பெரிய துண்டுகளாகப் பிய்த்துக் கொடுத்தேன். கடைக்கார அம்மா கிண்ணத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தன் சுண்டுவிரல் நகத்தைக் காட்டி, திருப்பி என் முன்னாலேயே வைத்துவிட்டுப் போனார்.