குடித்தது விமானம்

கேள்வி: இராணுவத்தின் புது விமானங்களைப் பறந்து சோதிக்கும் விமானி ஒருவன் மனம் நொந்து பெருங்குடிகாரனாகிறான். ஒருநாள் சிவப்புப் பொத்தானை அமத்திக் காலத்தைக் கடக்கிறான். இதை விஞ்ஞான நாவலாக எழுதி, மூன்று அணிந்துரையும் வாங்கிவிட்டேன். வன்னியில் வாசகர் உண்டா?
– வாசகர் ஒருவர், மாங்குளம்

பதில்: மூன்று அணிந்துரையா? அப்படியென்றால் நாவலை வாசிக்காத மூன்று பேர் ஏற்கெனவே கிடைத்துவிட்டார்கள். பொன்னாடையும் எடுத்து வைத்திருப்பீர். அணிந்துரை, பொன்னாடைச் சண்டையை இந்தப் பக்கத்தில் வேண்டிய அளவு பிடித்தாயிற்று. உமது குடிகாரனிடம் வருகிறேன்.

மனம் நொந்தவன் குடித்தே தீரவேண்டும் என்று நம் எழுத்தாளருக்கு யார் சட்டம் போட்டது? 1947 ஒக்டோபர் 14இல் ஒலியின் வேகத்தைத் தாண்டிய பெல் எக்ஸ்-1இல் குடித்தது விமானம். எதைல் மதுசாரத்தில் தண்ணீர் கலந்து, திரவ ஒட்சிசனோடு எரித்தார்கள். தண்ணீர் கலக்காமல் குடிக்கக்கூடாது என்ற ஒழுக்கம் அதற்கும் இருந்திருக்கிறது! ஓட்டிய சக் யேகருக்கோ இரண்டு விலா எலும்பு முறிவு. இரண்டு நாள் முன்னர் குதிரையிலிருந்து விழுந்தவர். படைத்தள வைத்தியரிடம் போனால் பறக்க விடமாட்டார்கள் என்று வெளியே ஒருவரிடம் கட்டுப் போட்டார். கதவை இழுத்துப் பூட்டக் கை எழும்பவில்லை. பொறியியலாளர் ஜாக் ரிட்லி தும்புத்தடியில் ஒரு துண்டை அறுத்துக் கொடுக்க, அதை நெம்பாகப் போட்டுப் பூட்டினார்.

சோதனை விமானிக்கு விபத்தைவிட வைத்தியரிடம்தான் பயம். நித்திரையின்மை, தலைச்சுற்று, கை நடுக்கம் எல்லாவற்றையும் ஒளிப்பான். நாவல் அங்கே இருக்கிறது, போத்தலில் இல்லை.

பொத்தானையும் கழற்றிவிடும். சோதனைப் பறப்பில் மடியில் ஓர் அட்டை இருக்கும். வேகத்தைக் கொஞ்சம் கூட்டு, கட்டுப்பாட்டுத் தடியை ஒரு தட்டுத் தட்டு, நடுக்கம் அடங்குகிறதா பார், தரையில் இருப்பவர் சரி என்றபிறகு அடுத்த வரி. நித்திரையில்லாதவன் ஒரு வரியைத் தாண்டிவிட்டால் உமக்கு ஓர் அத்தியாயம்.

1967 நவம்பர் 15இல் சோதனை விமானி மைக்கல் அடம்ஸ் எக்ஸ்-15 என்ற சோதனை விமானத்தில் 266,000 அடி வரை போனார். அவர் முன்னிருந்த ஒரே முள், ஒரு நிலையில் இறக்கைச் சரிவையும் இன்னொரு நிலையில் மூக்கின் பக்கவிலகலையும் காட்டும். சரிவை விலகல் என்று வாசித்திருக்கிறார் என்றே விசாரணை கருதியது. திருத்தத் திருத்த மூக்கு இன்னும் விலகி, ஒலியைப்போல் ஐந்து மடங்கு வேகத்தில் விமானம் சுழன்றது. சுழலிலிருந்து மீண்டார். ஆனால் தானியங்கிக் கட்டுப்பாடு மூக்கை மேலும் கீழுமாக ஆட்டத் தொடங்கி, விமானம் வானிலேயே உடைந்தது. முள் பொய் சொல்லவில்லை. இதைவிட என்ன விஞ்ஞானப் புனைவு வேண்டும் உமக்கு?

வாசகர் உண்டா என்றீர். உண்டு, ஆனால் கவனம். கிபிர் போர்விமானம் குண்டு போட்ட காலத்து ஆட்கள் இவர்கள். 3,000 மீற்றர் உயரத்துச் சத்தம் கீழே வர ஏறக்குறைய 9 செக்கன். அதற்குள் விமானம் 2 கிலோமீற்றர் தாண்டிவிடும். சத்தம் வந்த இடத்தில் விமானத்தைக் காட்டினீரோ, புதுக்குடியிருப்புக் கிழவி ஒருத்தி புத்தகத்தை மூடிவிடுவாள்.

இன்னொன்று. ஜெற் எரிபொருளும் மண்ணெண்ணெய்ச் சாதிதான். வன்னியின் பொருளாதாரத் தடைக்காலத்தில் மேலே விமானம் போனதும் அதில்தான், கீழே மோட்டார் சைக்கிள் ஓடியதும் அதில்தான். காபரேற்றரில் சொட்டுப் பெற்றோல் விட்டு உதைத்து, எஞ்சின் சூடேறிய பிறகே மண்ணெண்ணெயைத் திறக்கவேண்டும். முந்தினால் ஆவியாகாமல் புகை தள்ளி நின்றுவிடும், பிளக்கில் கரி பிடிக்கும். எந்த நொடியில் திறப்பதென்று காதால் கேட்டே அறிந்த ஒரு மெக்கானிக்கை உமது விமானத்தளத்தில் வேலைக்குச் சேர்த்துவிடும். விமானிக்கு நித்திரையில்லை என்பதை வைத்தியருக்கு முன் அவர் கண்டுபிடித்துவிடுவார்.