சின்னப் பாட்டியிடம் கேட்டீர்களா?

கேள்வி: மறைந்த என் பாட்டியின் ப்ரூச் (உடையில் ஊசியால் குத்திக்கொள்ளும் நகை) ஒன்று என்னிடம் வந்திருக்கிறது. நடுவில் சிவப்புக் கல், சுற்றிலும் சிறு முத்துகள். முத்திரையோ எழுத்தோ எதுவும் இல்லை. 100 வருஷத்துக்கு மேல் பழையது என்கிறார் ஒருவர். பின்பக்கம் பூட்டு இருப்பதால் அவ்வளவு பழசு இல்லை என்கிறார் இன்னொருவர். ஊசியை எப்போதோ மாற்றியதாகப் பாட்டியின் தங்கை சொன்னார். அவருக்கு 90 வயது ஆகப்போகிறது, சொன்னதையே சொல்வார் என்பதால் மேற்கொண்டு கேட்கவில்லை. பாலிஷ் போட்டுவிட்டு இன்னொரு நிபுணரிடம் காட்டலாமா? இது எந்த நாட்டு நகை, எந்தக் காலத்தது?

பதில்: உங்கள் சின்னப் பாட்டி ஊசியை மாற்றியதாகச் சொன்னார், நீங்கள் மேற்கொண்டு கேட்கவில்லை. கடிதம் முழுவதிலும் உருப்படியான தடயம் அது ஒன்றுதான். அதைப் போகிறபோக்கில் எழுதிவிட்டு நாட்டையும் காலத்தையும் என்னிடம் கேட்கிறீர்கள்.

முத்திரை இல்லாத ப்ரூச்சை விஷயம் தெரிந்தவர்கள் முதலில் திருப்பித்தான் பார்ப்பார்கள். 19-ஆம் நூற்றாண்டு ப்ரூச்களில் பெரும்பாலும் வளைத்துவிட்ட வெறும் கொக்கிதான் இருக்கும், பூட்டு இருக்காது. ஊசிமுனை நகையின் விளிம்பைத் தாண்டி நீட்டிக்கொண்டிருப்பதும் உண்டு. சுழற்றிப் பூட்டும் கொக்கி பரவலானது 20-ஆம் நூற்றாண்டில். பழசு இல்லை என்றவர் அதை வைத்துத்தான் சொல்லியிருப்பார். ஆனால் ஊசியோடு கொக்கியையும் மாற்றியிருந்தால், அவர் சொன்னது பழுதுபார்த்த காலம், நகை செய்த காலம் அல்ல. ஊசியை மாற்றிய விஷயத்தை அவரிடம் சொன்னீர்களா? சொல்லியிருந்தால் கடிதத்தில் எழுதியிருப்பீர்கள்.

அறிமுகமே இல்லாத இருவரிடம் நகையை நீட்டத் தெரிந்த உங்களுக்கு, அதைப் பாட்டி அணிந்து கண்ணால் பார்த்தவரிடம் உட்கார மனம் வரவில்லை. சொன்னதையே சொல்கிறார் என்பது ஒரு காரணமா? காலையில் நடந்ததை மறந்துவிடும் முதியவர்கள் எழுபது வருஷத்துக்கு முந்தைய சங்கதியைத் துல்லியமாகச் சொல்வதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். அவர் திரும்பத் திரும்பச் சொல்வதே யாரும் முழுதாகக் கேட்காததால் இருக்கலாம். வீட்டில் மூத்தவர் ஒருவர் பேசும்போது கேட்பது அவருக்குச் செய்யும் தயவு இல்லை, உங்கள் கடமை. நகையை வாங்கிக்கொண்டீர்கள் அல்லவா? அதோடு சேர்ந்து வந்த பொறுப்பு இது.

நிபுணரிடமும் போகத்தான் வேண்டும். 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பற்றவைத்த தடம் தெரியும். கொக்கியடியில் மட்டும் நிறம் வேறாக இருந்தால் அது பிற்பாடு வைத்தது. சிவப்புக் கல்லுக்குள் வளைந்த கோடுகள் தெரிந்தால் அது ஆலையில் உருக்கிச் செய்த மாணிக்கம். வெர்னெய் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் அப்படிக் கல் செய்யும் தன் முறையை 1902-இல் வெளியிட்ட பிறகே அது சந்தையில் பெருகியது. ஆனால் கல்லும் மாற்றப்பட்டிருக்கலாம், அதையும் கேட்க வேண்டும். முத்து வளர்ப்பு முத்தாக இருந்தால் 1920-களுக்கு முன்னால் வாய்ப்புக் குறைவு. எக்ஸ்ரே கருவி உலோகக் கலவையைச் சொல்லும், வயதைச் சொல்லாது. முத்திரை இல்லாததால் போலி என்றும் ஆகாது. தேய்ந்திருக்கலாம், பழுதுபார்க்கும்போது அழிந்திருக்கலாம், முத்திரை கட்டாயம் இல்லாத இடத்தில் செய்திருக்கலாம்.

எந்த நாடு என்பதுதான் கடினம். ஒரு நாட்டில் ஓடிய மாதிரியை இன்னொரு நாட்டில் அப்படியே செய்து விற்றார்கள். முத்திரை இல்லாதபோது வேலைப்பாட்டை மட்டும் வைத்து அடித்துச் சொல்கிறவரை நம்பாதீர்கள். யார் வாங்கினார்கள், எங்கிருந்து கொண்டுவந்தார்கள் என்ற வீட்டுச் செய்திதான் அங்கே துணை. அதைச் சொல்ல இன்று உங்கள் வீட்டில் மிஞ்சியிருப்பவர் ஒருவர்.

இந்த வாரமே போங்கள். ப்ரூச்சை அவர் கையில் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருங்கள், அவராக ஆரம்பிக்கட்டும். அப்புறம் கேளுங்கள்: ஊசி மட்டும் மாறியதா, கொக்கியுமா? எப்போது? பாட்டிக்கு இதைக் கொடுத்தது யார்? பாட்டி இதை அணிந்த போட்டோ யாரிடமாவது இருக்கிறதா? அவர் அனுமதித்தால் போனில் பதிவு செய்யுங்கள், தேதியோடு எழுதி வையுங்கள். ப்ரூச்சைப் பற்றி ஒரு வார்த்தை வராவிட்டாலும் சாயங்காலம் வரை இருந்துவிட்டு, அடுத்த வாரமும் போங்கள்.

அதுவரை பாலிஷ் போடாதீர்கள். பற்றவைத்த தடமும் பழைய கருவி பட்ட கோடுகளும் அதில் போய்விடும். அப்புறம் நிபுணர் பார்ப்பதற்கும் எதுவும் இருக்காது.