இரண்டு சதவீதம், ஆனால் எதில்?

கேள்வி: என் மகன் அமெரிக்காவில், ஃபுளோரிடா மாநிலத்து டாம்பாவில் சொந்த வீட்டில் இருக்கிறான். 2024 அக்டோபரில் வந்த மில்டன் புயலில் கூரை பெயர்ந்து 7,400 டாலர் செலவு. பாலிசியில் கழிவு, அதாவது நஷ்டத்தில் நாமே ஏற்க வேண்டிய முதல் தொகை, 1,000 டாலர் என்று போட்டிருக்கிறதாம். ஆனால் கம்பெனி, ‘புயலுக்கு 2 சதவீதம், அதாவது 8,000 டாலர் கழிவு. உங்கள் நஷ்டம் அதற்குள் அடங்கிவிட்டது’ என்று ஒன்றும் தரவில்லை. 7,400-க்கு 2 சதவீதம் 148 டாலர்தானே? செப்டம்பரில் ஹெலீன் புயலிலும் சன்னல் உடைந்து 2,900 டாலர் கைக்காசு போட்டான். இப்போது கூரை போடுகிறவர், ‘பில்லை ஏற்றிப் போட்டு உங்கள் பங்கை நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்கிறாராம். ஒத்துக்கொள்ளலாமா?
— ஒரு வாசகி, கானாடுகாத்தான்

பதில்: ஆச்சி, உங்கள் கணக்கு நம் ஊர் வழக்கப்படி சரியான கணக்கு. அந்த ஊர் வழக்கம் வேறு.

கஜா புயலுக்கு மறுவாரம், 2018 நவம்பரில், புதுவயலில் ஒரு அரிசி மில்லுக்கு, நஷ்டத்தை மதிப்பிடும் இன்சூரன்ஸ் சர்வேயராகப் போனேன். கூரைத் தகடு களத்தைத் தாண்டிக் கிடந்தது. நனைந்த நெல் மூட்டைக்குள் கை விட்டால் சூடாக இருந்தது, தையல் வழியே முளை எட்டிப் பார்த்தது. நஷ்டம் 4 லட்சம் என்று எழுதினேன். அன்றைய தீ காப்பீட்டு பாலிசியில் கடை, மில்லுக்கெல்லாம் இயற்கைச் சீற்றம் என்றால் நஷ்டத்தில் 5 சதவீதம், குறைந்தது 10,000 ரூபாய் ‘எக்ஸஸ்’ என்று கழிப்போம். 20,000 போக 3,80,000 வந்தது. அதற்கே முதலாளிக்கு மனம் ஆறவில்லை.

அதே மில் ஒரு கோடிக்கு இன்சூர் செய்யப்பட்டு, ஃபுளோரிடா முறையில் 5 சதவீதக் கழிவு என்றால்? கழிவு 5 லட்சம். அவர் கைக்கு ஒரு ரூபாய் வந்திருக்காது. அங்கே புயல் கழிவு நஷ்டத்தில் கணக்கிடுவதில்லை, கட்டடத்தை எவ்வளவுக்கு இன்சூர் செய்திருக்கிறோமோ அந்தத் தொகையில் கணக்கிடுகிறார்கள். உங்கள் மகன் வீட்டுக் கட்டடம் 4,00,000 டாலருக்கு இன்சூர் ஆகியிருக்க வேண்டும். அதில் 2 சதவீதம்தான் அந்த 8,000. பாலிசியைப் புதுப்பிக்கும்போது கட்டடத் தொகையை 4,40,000 ஆக்கினால் கழிவும் தானாக 8,800 ஆகிவிடும்.

பாலிசியில் இருக்கும் 1,000 டாலர் தீ, திருட்டு, குழாய் உடைப்பு மாதிரி மற்ற நஷ்டங்களுக்கு. அந்த மாநிலத்தின் எந்த மூலைக்காவது ஹரிக்கேன் எச்சரிக்கை விடுத்த நேரத்திலிருந்து, கடைசி எச்சரிக்கையை விலக்கி 72 மணி நேரம் ஆகும்வரை அந்தப் புயலால் காற்றடித்துச் சேதமானால் புயல் கழிவுதான் பிடிப்பார்கள். 1992 ஆகஸ்டில் ஆண்ட்ரூ என்ற புயல் தெற்கு ஃபுளோரிடாவைச் சூறையாடி, பல கம்பெனிகள் பணம் கொடுக்க முடியாமல் மூடிய பிறகு வேரூன்றிய முறை இது. எனக்கு இது பிடித்த முறை இல்லை. சின்ன நஷ்டக்காரர்களுக்கு இதில் ஒன்றும் கிடைப்பதில்லை. ஆனாலும் உங்கள் மகனை யாரும் ஏமாற்றவில்லை.

அப்புறம், நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த 2,900 டாலர். ஆச்சி, உங்கள் கடிதத்திலேயே பெரிய விஷயம் அதுதான். ஃபுளோரிடா சட்டப்படி புயல் கழிவு புயலுக்கு ஒரு முறை இல்லை, ஜனவரி முதல் டிசம்பர் வரை ஒரு வருடத்துக்கு ஒரு முறை. இரண்டு புயலுக்கும் ஒரே கம்பெனி பாலிசி இருந்தால், ஹெலீனில் போட்ட 2,900 அந்த 8,000-த்தில் சேர்ந்துவிடும். மீதிக் கழிவு 5,100. மில்டன் நஷ்டம் 7,400-இல் அதைக் கழித்தால் 2,300 டாலர் அவனுக்கு வர வேண்டும்.

கழிவைத் தாண்டாத நஷ்டம் என்று செப்டம்பரில் அவன் கம்பெனிக்குத் தெரிவிக்காமல் விட்டிருப்பான். பலரும் அப்படித்தான் விடுகிறார்கள். கம்பெனிக்குத் தெரியாத செலவைக் கம்பெனி எப்படிச் சேர்க்கும்? நஷ்டம் நடந்து ஒரு வருடத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். ஹெலீன் கரை கடந்தது 2024 செப்டம்பர் 26. அந்த நாளிலிருந்து எண்ணிக்கொள்ளுங்கள், நாளை நாளை என்று தள்ள வேண்டாம்.

கூரைக்காரர் பேச்சுக்குத் தலையாட்டவே கூடாது. கழிவை நான் ஏற்கிறேன், தள்ளுபடி தருகிறேன் என்று காண்ட்ராக்டர் ஆசை காட்டுவது அந்த மாநிலத்தில் சட்டப்படி குற்றம். ஏற்றிப் போட்ட பில்லை உண்மை என்று கம்பெனிக்குக் கொடுத்தால் உங்கள் பிள்ளையும் மோசடியில் மாட்டுவான். நியாயமாக வர வேண்டிய 2,300-உம் அதோடு போய்விடும்.

இன்னொன்று. தரையிலிருந்து ஏறி வரும் வெள்ளத்தை வீட்டு பாலிசி ஏற்காது. அதற்கு அரசின் வெள்ளக் காப்பீட்டைத் தனியாக எடுக்க வேண்டும். பெரும்பாலும் எடுத்து 30 நாள் கழித்துத்தான் அது நடைமுறைக்கு வரும். அங்கே புயல் காலம் ஜூன் 1-இல் தொடங்குகிறது, அதனால் ஏப்ரல் கடைசிக்குள் முடித்துவிடச் சொல்லுங்கள்.

இன்று ராத்திரி போனில் பேசும்போது முதலில் அந்த சன்னல் பில் எங்கே என்று கேளுங்கள். கடையில் மெஷினில் அடித்துத் தரும் பில் என்றால் சில மாதத்தில் எழுத்து மங்கிவிடும். உடனே போட்டோ எடுத்து வைக்கட்டும். உடைந்த சன்னலின் படம் போனில் இருந்தால் அதையும் சேர்த்து, ‘ஹெலீன் நஷ்டம்’ என்று தனியாகக் கம்பெனிக்கு எழுதி, இரண்டையும் ஒரே வருடக் கழிவில் சேர்க்கும்படி கேட்கட்டும்.