டெனோஃபோவிரை நிறுத்த வேண்டாம்

கடலூர் நண்பருக்கு: ஹெபடைடிஸ் பி வைரஸ் ரத்தத்தில் தெரியாத அளவுக்கு அடங்கிவிட்டது, ஆனாலும் எஸ்ஜிபிடி (கல்லீரல் பாதிப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை அளவு) இறங்கவில்லை, ஸ்கேனில் கொழுப்புக் கல்லீரல் என்று வந்திருக்கிறது, வைரஸை அடக்கும் டெனோஃபோவிர் மாத்திரை வேலை செய்யவில்லையோ, அதை விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். விடவே வேண்டாம். திடீரென நிறுத்தினால் வைரஸ் மறுபடி பெருகி, கல்லீரல் செயலிழப்பு வரைகூடப் போகலாம். மாத்திரை தன் வேலையைச் செய்துவிட்டது. எஸ்ஜிபிடியை ஏற்றி வைத்திருப்பது பெரும்பாலும் கொழுப்புதான். அதை டெனோஃபோவிர் கரைக்காது, எடை குறைந்தால்தான் கரையும். நீங்கள் சொன்ன 84 கிலோவில் 7 முதல் 10 சதவீதம், அதாவது ஆறிலிருந்து எட்டு கிலோ. மெதுவாகக் குறையுங்கள். சர்க்கரையும் கொலஸ்ட்ராலும் பார்த்துவிடுங்கள். பாண்டி போனால் 'ஒரு பீர்தானே' என்பதும் வேண்டாம் (நம் பக்கத்தில் இதுதான் கஷ்டம்!). அப்புறம், ஜிப்மர் இரைப்பை-குடல் பிரிவில் காட்டும்போது ஃபைப்ரோஸ்கேன் தேவையா என்று கேளுங்கள். கல்லீரலில் தழும்பு எவ்வளவு என்று அதில் தெரியும்.