அரசு சேவைகளைப் பத்தி பிஹெச்டி பண்றதுல நிஜமாவே சரக்கு இருக்கா?

அரசு சேவைகளை எப்படி நடத்தணும்னு யுனிவர்சிட்டில உக்காந்து ஆராய்ச்சி பண்றாங்களே, அதுல விஷயம் இருக்கா இல்ல வெறும் பெரிய பெரிய வார்த்தைதானா, சேரலாமான்னு கேட்டிருக்கீங்க. நான் அதுலதான் பிஹெச்டி முடிச்சேன், அதனால உள்ள இருந்து பாத்ததைச் சொல்றேன்.

வெறும் வார்த்தையும் நிறைய இருக்கு, மறைக்கல. 'கவர்னன்ஸ்'னு பத்து பேப்பர் படிச்சா பதினோரு அர்த்தம் வரும். இது பழைய வியாதிதான். 1946லயே ஹெர்பர்ட் சைமன் (பின்னாடி 1978ல பொருளாதார நோபல் வாங்கினவர்) போட்டுக் கிழிச்சிருக்கார், நிர்வாகத் தத்துவம்னு நீங்க சொல்றதெல்லாம் பழமொழி மாதிரி, ஒவ்வொண்ணுக்கும் எதிர்ப்பழமொழி ஒண்ணு கூடவே இருக்கும்னு. நம்ம "காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்"ளும் "பதறாத காரியம் சிதறாது"ம் மாதிரின்னு வெச்சுக்கோங்க. ஒரு அதிகாரிக்குக் கீழ கொஞ்ச ஆளுங்கதான் இருக்கணும், அப்பதான் கண்காணிக்க முடியும்பாங்க, அடுத்த பக்கத்துலயே மேல இருந்து கீழ வரைக்கும் படி கம்மியா இருக்கணும்பாங்க, ஒருத்தருக்குக் கீழ ஆளைக் குறைச்சா படி கூடத்தானே செய்யும், ரெண்டும் ஒண்ணா எப்படி நடக்கும்?

சரக்கு எங்க இருக்குன்னா, மேல போட்ட ஆர்டர் கீழ வந்து சேர்றதுக்குள்ள என்ன ஆகுதுன்னு நேர்ல போய்ப் பாத்தவங்ககிட்ட இருக்கு. அமெரிக்காவுல ஓக்லாந்துல வேலைவாய்ப்பு உண்டாக்கறதுக்குன்னு பல மில்லியன் டாலர் ஒதுக்கியும் ஏன் தேங்கி நின்னுச்சுன்னு பிரஸ்மேன், வில்டாவ்ஸ்கின்னு ரெண்டு பேர் தோண்டி 1973ல புக்கா போட்டாங்க. அதுல வில்லனே கிடையாது, திட்டம் நல்லதுன்னுதான் கிட்டத்தட்ட எல்லாரும் சொன்னாங்க. ஆனா ஒரு 70 தடவை யாராவது ஒருத்தர் சரின்னு தலையாட்டணும். ஒவ்வொரு தடவையும் 99 சதவீதம் ஓகே ஆகும்னு வெச்சாக்கூட 0.99ஐ 70 தடவை பெருக்கிப் பாருங்க, பாதிக்கும் கீழ போயிடும். 1980ல லிப்ஸ்கின்னு ஒருத்தர் இன்னும் கீழ இறங்கி வந்தார். கவுன்ட்டர்ல உக்காந்திருக்கறவர், டீச்சர், ரோந்து போற போலீஸ், இவங்களுக்கு வேலை மலையா இருக்கும், நேரம் இருக்காது, யாரை இப்ப பாக்கறது, யாரை நாளைக்கு வாங்கன்னு அனுப்பறதுன்னு இவங்க எடுக்கற முடிவுதான் ஜனங்க கண்ணுல அரசாங்கக் கொள்கைன்னார்.

என்னைப் பிடிச்சுப் போட்டது டார்கெட் விவகாரம். இங்கிலாந்துல 2000க்கு அப்புறம், உயிருக்கு ஆபத்தான அழைப்புல 75 சதவீதத்துக்கு ஆம்புலன்ஸ் 8 நிமிஷத்துக்குள்ள போயாகணும்னு ஏற்கெனவே இருந்த டார்கெட்டை வெச்சுக் கெடுபிடி பண்ண ஆரம்பிச்சாங்க. பீவன், ஹூட்னு ரெண்டு பேர் 2006ல எழுதின கட்டுரைல எத்தனை நிமிஷத்துல எத்தனை அழைப்புக்கு வண்டி போச்சுன்னு ஒரு கிராஃப் இருக்கு, சில இடங்கள்ல 8 நிமிஷத்துக்கு சரியா முன்னாடி ஒரு கொம்பு முளைச்ச மாதிரி எகிறி, 8 தாண்டினதும் தொபுக்குன்னு விழும். வண்டி அப்படி ஓடாதுல்ல, பேனாதான் ஓடியிருக்கு. எமர்ஜென்சி வார்டுல 4 மணி நேரத்துக்குள்ள பாத்து முடிச்சு வீட்டுக்கோ வேற வார்டுக்கோ அனுப்பணும்னு இன்னொரு டார்கெட், நோயாளி உள்ள வந்தாதானே கடிகாரம் ஓடும், அதனால ஆம்புலன்சை வாசல்லயே நிறுத்தி வெச்ச ஆஸ்பத்திரியும் உண்டு.

இதைப் படிச்சுட்டு ஆஹான்னு சிரிச்சவன் நான், ஆனா என் சொந்த டேட்டாலயே ஏமாந்தேன். ஒரு அலுவலகத்துல வர்ற புகார்கள் எத்தனை நாள்ல முடியுதுன்னு ஒரு அத்தியாயமே எழுதி, ரொம்ப நல்லா நடக்குதுன்னு பாராட்டியும் வெச்சிருந்தேன். அப்புறம்தான் அங்க ஒரு கிளார்க் டீ குடிக்கும்போது சாதாரணமா சொன்னார், "கெடு முடியற அன்னிக்கு குளோஸ் பண்ணிடுவோம் சார், தீரலன்னா அவரையே புதுசா ஒண்ணு குடுக்கச் சொல்லிடுவோம், புது நம்பர் விழும்"னு. நான் புகார் தீர்ற வேகம்னு நெனச்சு அளந்தது, நம்பர் மாத்தற வேகம். அந்த அத்தியாயத்தை அப்படியே தூக்கிப் போட்டுட்டு, ஒரே முகவரில இருந்து திரும்பத் திரும்ப வர்ற புகாரைக் கோர்த்து மறுபடி முதல்ல இருந்து எழுதினேன்.

அதுக்காக டார்கெட்டே பித்தலாட்டம்னு முடிவு கட்டாதீங்க, நானும் கொஞ்ச நாள் அப்படித்தான் எல்லார்கிட்டயும் சண்டை போட்டுட்டு இருந்தேன். அதே இங்கிலாந்தை, அந்த மாதிரி கெடுபிடி இல்லாத ஸ்காட்லாந்தோட ஒப்பிட்டுப் பாத்தவங்களும் இருக்காங்க, ஆஸ்பத்திரில காத்திருக்கற காலம் இங்கிலாந்துல நிஜமாவே குறைஞ்சிருக்குன்னுதான் வந்துச்சு. ஏமாத்தும் இருக்கு, முன்னேற்றமும் இருக்கு, எதுல எவ்வளவுன்னு பிரிச்சு எடுக்கறதுதான் கஷ்டமான வேலை, அதுக்குத்தான் இந்த ஆராய்ச்சியே.

சேர்றதா இருந்தா ஸ்டாடிஸ்டிக்ஸ் கத்துக்கோங்க, எக்செல் ஷீட்டை மட்டும் நம்பாதீங்க, அனுமதிக்கு முதல் நாளே எழுதிப் போட்டுடுங்க. பழைய ரெஜிஸ்டரைப் பாக்கறதுக்கு ஒரு லெட்டர் வாங்கவே எனக்கு ஏழு மாசம் ஆச்சு, பதினோரு மேஜை. நல்லவேளை 70 இல்ல.