மிஷினிலிருந்து இறக்கிய பிறகு: பின்னல் சந்தேகங்களுக்கு ஆச்சியின் பதில்

கார்த்திகை பிறந்தால் எனக்குப் போன் ஓயாது. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறவர்களுக்கு விடியற்காலைப் பனிக்குக் குல்லா, மப்ளர். குளிர் ஊரில் இருக்கிற பேரப்பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர். ஊசிகளின் மேல் ஓடிப் பின்னுகிற கேரேஜை இங்குமங்கும் தள்ளுகிற வரை யாருக்கும் சந்தேகம் வராது. துணியை ஊசியிலிருந்து இறக்கும்போதுதான் வரும். இந்த வாரம் வந்த கேள்விகளுக்கு மொத்தமாக எழுதிவிடுகிறேன். என்னிடம் இருப்பது 200 ஊசி, ஊசிக்கு ஊசி 4.5 மி.மீ. இடைவெளி உள்ள பின்னல் மிஷின். உங்களுடையது பெரிய ஊசி மிஷினாக இருந்தாலும் முறை இதேதான்.

தேவகோட்டையிலிருந்து: ஆச்சி, பேரனுக்கு ஸ்வெட்டர் போட்டேன். அளவெல்லாம் சரி. கழுத்தில் தலை மட்டும் நுழையமாட்டேங்குது.

கழுத்து அளவில் தப்பில்லை தங்கச்சி, கண்ணியை, அதாவது ஊசியில் நிற்கிற நூல் வளையத்தை, முடித்த இடம் இறுகிப்போச்சு. நான் போட்ட முதல் ஸ்வெட்டரும் இப்படித்தான். சின்னவனுக்குக் காது வரைக்கும் இறங்கி அங்கேயே நின்னுக்கிச்சு. அவன் போட்ட கூச்சலில் வளவில் இருந்தவங்க எல்லாரும் ஓடிவந்துட்டாங்க.

மிஷினில் ஓடின கண்ணி எல்லாம் ஒரே அளவாக இருக்கும். கையால் முடிக்கிற கண்ணி நம்ம இழுப்புக்குத் தகுந்தபடி சுருங்கிடும். அதனால் கடைசி வரிசையை மட்டும் கண்ணி அளவு டயலைத் தளர்வாக 10-இல் வைத்து ஓட்டுங்க. அப்புறம் கேரேஜ் நிற்கிற பக்கத்திலிருந்து முதல் கண்ணியை எடுத்து அடுத்த ஊசியில் போடுங்க. அந்த ஊசியை முன்னால் இழுத்து, கொக்கியில் நூலை வைத்துப் பின்னால் தள்ளினால் இரண்டு கண்ணி ஒன்றாகிடும். இப்படியே போகும்போது, முடித்த ஓரம் ஊசிகளுக்கு முன்னால் நிற்கிற சின்னக் கம்பிப் பற்களைச் சுற்றியே வரட்டும். அந்தப் பற்கள் இடைவெளியைப் பிடித்துக்கொள்ளும், நீங்க இழுத்தாலும் ஓரம் சுருங்காது. கடைசியில் மொத்தமாகத் தூக்கி இறக்கிடலாம். இதற்கான நூலைத் துணி அகலத்தைப் போல நாலு மடங்கு விட்டு முதலிலேயே வெட்டிக்கோங்க.

கழுத்துப் பட்டிக்கு நான் இதைக்கூடச் செய்வதில்லை. பட்டியை இரண்டு மடங்கு உயரம் ஓட்டி, அதற்கு மேல் வேறு நிற நூலில் ஏழெட்டு வரிசை ஓட்டி இறக்கிடுவேன். பட்டியை உள்பக்கம் மடித்து, திறந்திருக்கிற ஒவ்வொரு கண்ணிக்குள்ளும் ஊசியை விட்டுத் திரும்பு தையல் போட்டு, கடைசியில் வேறு நிற நூலை உருவி எடுத்தால் ரப்பர் மாதிரி விரியும். உங்க ஸ்வெட்டருக்கு முடிப்பை மட்டும் பிரித்து இப்படிச் செய்யுங்க. மறுபடி முதலிலிருந்து போட வேண்டாம்.

காரைக்குடி, கல்லூரி மாணவி: அப்பாவுக்குப் போட்ட மப்ளர் இரண்டு பக்கமும் சுருண்டு கயிறு மாதிரி ஆயிடுச்சு ஆச்சி. அயர்ன் பண்ணினா சரியாகுமா? அக்ரிலிக் நூல்.

பெட்டியை எடுத்த இடத்திலேயே வைம்மா. அக்ரிலிக் நூலை அழுத்தி அயர்ன் பண்ணினால் செத்துப்போகும். துணி பளபளன்னு தொளதொளத்து, துவைத்த பிறகும் பழைய உயிர் வராது. சிலர் வேண்டுமென்றே அப்படிப் பண்ணித் துப்பட்டா மாதிரி விழ வைக்கிறாங்க, அது வேறு கணக்கு. மப்ளருக்கு வேண்டாம்.

சாதாப் பின்னலின் குணமே சுருள்வதுதான். பக்க ஓரம் பின்னால் சுருளும், மேலும் கீழும் முன்னால் சுருளும். அதோடு சண்டை போடாதே. நீளவாக்கில் மடித்து, நல்ல பக்கம் வெளியே இருக்கும்படி இரண்டு ஓரத்தையும் சேர்த்துத் தைத்துடு. குழாய் மாதிரி ஆனபின் சுருள ஓரமே இருக்காது, பனிக்கும் இரட்டைத் துணி. அகலம் பாதியாகும், அவ்வளவுதான். அடுத்த முறை முதலிலேயே இரண்டு மடங்கு அகலத்தில் போடு. நீராவி காட்டணும்னு ஆசையிருந்தால் மாதிரித் துண்டில் காட்டிப் பார், பெட்டி துணியைத் தொடவே கூடாது.

பள்ளத்தூர்: தோள் சேர்த்த இடம் வரப்பு மாதிரி தடிக்குது.

ஊசி நூலால் சேர்க்காதீங்க, மிஷினிலேயே சேருங்க. தோள் கண்ணிகளை முடிக்காமல் வேறு நிற நூலில் இறக்கி வைத்திருக்கணும். மிஷினில் நம்மைப் பார்த்து இருப்பது எப்போதும் துணியின் பின்பக்கம். அதனால் முதல் துண்டை நல்ல பக்கம் நம்மைப் பார்க்கும்படி ஊசியில் மாட்டி, அதன் மேலேயே இரண்டாவதை வழக்கம்போலப் பின்பக்கம் தெரிய மாட்டுங்க. இரண்டு நல்ல பக்கமும் முகத்தோடு முகம் சேர்ந்திருக்கும். தளர்வாக ஒரு வரிசை ஓட்டி, முன்னே சொன்னபடி முடித்தால் போதும்.

கண்டனூர்: நூல் முனையை முடிச்சுப் போட்டு ஒட்ட வெட்டிட்டேன். போதுமா அக்கா?

போதாது. இரண்டு தடவை துவைத்தால் முடிச்சு அவிழ்ந்துடும். 15 செ.மீ. விட்டு, ஓரத் தையலுக்குள் போய்த் திரும்பி வரும்படி கோத்துவிடுங்க.

புதுவயல்: திருப்பூர் பருத்தி நூலில் சட்டை போட்டேன். மிஷினில் அளந்தப்ப இருந்த நீளம் இறக்கினதும் இல்லை, துவைத்ததும் இன்னும் குறைஞ்சிருச்சு. எங்கே தப்பு?

தப்பு அளந்த நேரத்தில் தம்பி. மிஷினில் துணியில் மாட்டுகிற எடை தொங்கும்போது துணி இழுபட்டு நீளமாகத்தான் தெரியும். 40 கண்ணி, 60 வரிசையில் ஒரு மாதிரித் துண்டு போட்டு, துவைத்து, ராத்திரி முழுக்கச் சும்மா கிடக்க விட்டு அப்புறம் அளங்க. இனிமேல் ஈரத்துணியைக் கொடியிலும் போடாதீங்க, தன் கனத்தில் தானே இழுபடும். டவலில் சுருட்டிப் பிழிந்து, நிழலான தரையில் பழைய போர்வை விரித்து அளவுக்குத் தட்டி வைங்க. எங்க வீட்டு இரண்டாம் கட்டின் ஆத்தங்குடிக் கல் தரை இதற்கென்றே போட்டது மாதிரி இருக்கு.

கானாடுகாத்தான்: எல்லாம் தைத்து முடித்த பிறகு முதுகில் ஒரு கண்ணி நழுவி ஏணி மாதிரி இறங்கியிருக்கு. அழுகை வருது.

முதலில் அந்தக் கண்ணியில் ஒரு சேஃப்டி பின் குத்துங்க. அப்புறம் அழலாம். துணியை இழுத்துப் பார்க்காதீங்க, இன்னும் இறங்கும். நாக்குள்ள கொக்கியையோ குரோஷா ஊசியையோ கண்ணிக்குள் விட்டு, மேலே இருக்கிற ஏணிப்படி நூலைப் பிடித்து உள்ளே இழுங்க. படிப்படியாக ஏறி மேலே வந்ததும், அந்தக் கடைசிக் கண்ணியைப் பின்பக்கம் அதே நிற நூல் துண்டால் பக்கத்துக் கண்ணியோடு கட்டிவிடுங்க. வெளியே தெரியாது.

கோட்டையூர்: அயித்தை வைத்திருந்த பழைய மிஷின். சரியாகக் கடைசி வரிசையில்தான் கண்ணி கண்ணியாக உதிருது, கேரேஜும் முட்டுது.

கடைசி வரிசையில் மட்டும் இல்லைங்க, நீங்க அப்போதுதான் கவனிக்கிறீங்க. ஊசிகளுக்கு மேல் பக்கவாட்டில் ஒரு நீளக் கம்பிப் பட்டை செருகியிருக்கும், உள்ளே ஸ்பான்ஜ் இருக்கும். அதுதான் ஊசியை அமுக்கிப் பிடிப்பது. வருஷக்கணக்கில் சும்மா கிடந்தால் ஸ்பான்ஜ் பிசுபிசுன்னு நசுங்கிப்போகும், ஊசி எம்பும். உருவிப் பாருங்க. ஸ்பான்ஜை மட்டும் மாற்றினால் போதும். இரும்புப் பட்டையைத் தூக்கிப் போட்டுடாதீங்க, புதுசு வெட்ட அதுதான் அளவு.