நேட்டால் கரும்பு ரயிலை வீட்டு மேசையில் அமைப்பது எப்படி?

டர்பன்காரர் ஒருவர், பழைய கரும்புத் தோட்ட ரயிலை மாடலாகச் செய்ய எந்த அளவு சரி, மண்ணும் கரும்பும் நிஜமாகத் தெரிய என்ன வழி என்று கேட்டிருக்கிறார்.

என் ஓட்டு 1:64-க்குத்தான்; அதாவது நிஜத்தில் 64-ல் ஒரு பங்கு. தென்னாப்பிரிக்காவின் பெரிய ரயில் பாதையின் அகலம் 1067 மி.மீ.; 64-ஆல் வகுத்தால் 16.7. கடையில் கிடைக்கும் எச்.ஓ. (HO) என்ற மாடல் ரயில் வகையின் 16.5 மி.மீ. தண்டவாளமே போதும். இரண்டடித் தோட்டப் பாதைக்கு 9 மி.மீ. தண்டவாளம். தண்டவாளத்தின் அடியில் இருக்கும் குறுக்குக் கட்டைகளின் இடைவெளி மட்டும் உதைக்கும். பாதி மண்ணில் புதைத்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

மண்ணைக் காசு கொடுத்து வாங்காதீர்கள். நம்ம ஊர்ச் செம்மண்ணை வேட்டித் துணியில் சலித்து, வறுத்து, ஆறியதும் மேலே காந்தத்தை ஓட்டுங்கள். இரும்புத் துகள் ஒட்டிக்கொண்டு வரும். முதல் தடவை நான் இதைச் செய்யவில்லை. துகள் மோட்டாருக்குள் புகுந்து, என்ஜின் கர்ரென்று நின்றுவிட்டது. தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு விட்டால்தான் பசை மண்ணுக்குள் இறங்கும்.

கரும்புக்குச் சணல் கயிறு. மூன்று மீட்டர்க் கரும்பு இந்த அளவில் 47 மி.மீ. பச்சைச் சாயத்தில் முக்கி, காய்ந்ததும் நுனியைப் பிரித்துவிடுங்கள். வெட்டு நடக்கும் வயல் என்றால் அடியில் கொஞ்சம் கரித்தூள். வெட்டுக்கு முன் தோகையை எரிப்பது இங்கே வழக்கமாயிற்றே.